கட்டைவிரலைப் படம் எடுங்கள்

குறும்பட ஆர்வலர்களின் கேள்விகளுக்கு ஓர் எடிட்டரின் பதில்கள்

கேள்வி: டிஜிட்டல் தொழில்நுட்பம் நம் வாழ்க்கையை எப்படி மாற்றிவிட்டது என்பதை வைத்து 8 நிமிடப் பரிசோதனைக் குறும்படம் எடுக்கப்போகிறேன். ஒரு வீட்டில் நான்கு பேர், நான்கு போன், யாரும் யாரோடும் பேசுவதில்லை. கடைசியில் மின்சாரம் போகிறது, எல்லோரும் சிரித்துப் பேசுகிறார்கள். நண்பர்கள் ஏற்கெனவே பார்த்த படம் மாதிரி இருக்கிறது என்கிறார்கள். என்ன குறை?

பதில்: நண்பர்கள் சொல்வது சரி. அதே படத்தை நானும் எடுத்திருக்கிறேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். என் படத்தில் மின்சாரத்துக்குப் பதில் சார்ஜ் தீர்ந்துபோகும், அவ்வளவுதான் வித்தியாசம். திரையிட்ட அன்று பார்வையாளர்களில் பாதிப் பேர் இருட்டில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதைவிட நல்ல விமரிசனம் அந்தப் படத்துக்கு வரவில்லை.

ஒரு வருடம் கழித்து அதன் ரஷ்ஷை, அதாவது வெட்டாத மூலப் பதிவுகளை, திரும்ப ஓட்டிப் பார்த்தேன். ஓர் இடத்தில் லைட்டைச் சரிசெய்கிறோம். நடிகையிடமிருந்து போனை வாங்கி வைத்தாயிற்று. கேமராவை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை. அவர் கை மடியில் சும்மா கிடக்கிறது, கட்டைவிரல் மட்டும் இல்லாத திரையைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. 11 விநாடி. நான் எடுத்த மொத்தத்திலும் உங்கள் தலைப்புக்குப் பொருந்துகிற ஒரே ஷாட் அதுதான். வேண்டாத ஷாட்களோடு சேர்த்து ஒதுக்கி வைத்திருந்தேன்.

எனவே போனைத் தேடாதீர்கள். அது உடம்பில் விட்டுப்போன பழக்கத்தைத் தேடுங்கள். அதிராத போன் அதிர்ந்ததாக நினைத்துச் சட்டைப் பைக்குப் போகும் கை. காகிதத்தில் அச்சான படத்தை இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கப் பார்ப்பவர். எதிர்முனையில் ‘டைப்பிங்’ என்று தெரிந்து, பிறகு மறைந்து, எதுவுமே வராமல் போகும்போது ஒரு முகம் மாறுவது. எதற்கும் வசனம் வேண்டாம்.

அப்புறம் வடிவம். கதையை மட்டும் மாற்றிவிட்டு வழக்கமான லாங் ஷாட், க்ளோஸ்-அப் என்று போனால் அது பரிசோதனை ஆகாது. பக்கம் முடியாமல் கீழே கீழே வந்துகொண்டிருக்கும் ஏற்பாட்டை 2006-இல் உருவாக்கியவர் ஏசா ராஸ்கின் என்ற மென்பொருள் வடிவமைப்பாளர். பின்னாளில் அதற்காக வெளிப்படையாகவே வருத்தம் தெரிவித்தார். முன்பெல்லாம் பக்கத்தின் அடியில் ‘அடுத்து’ என்று ஒரு பொத்தான் இருக்கும், அங்கே கை ஒரு கணம் நிற்கும். அந்தக் கணம்தான் காணாமல் போனது. இதையே உங்கள் படத்தின் விதியாக வைத்துப் பாருங்களேன்: எந்தக் காட்சியானாலும் கேமரா ஒரே வேகத்தில் கீழே இறங்கிக்கொண்டே இருக்கட்டும். முகம் வந்தாலும் நிற்கக்கூடாது, அந்த முகம் அழுதாலும் நிற்கக்கூடாது. எங்கே ஒரே ஒரு முறை நிறுத்துவது என்று முடிவுசெய்வதுதான் உங்கள் திரைக்கதை.

இதை ட்ரைபாடில் கையால் இறக்க முயலாதீர்கள். நான் முயன்றேன், ஒவ்வொரு ஷாட்டும் ஒவ்வொரு வேகத்தில் வந்தது. கேமராவை அசையாமல் வைத்து, 4கே-யில் செங்குத்தாக எடுங்கள். 2160 பிக்சல் அகலம், 3840 உயரம் கிடைக்கும். அதை எடிட்டிங் மென்பொருளின் 1920க்கு 1080 டைம்லைனில் அகலம் பொருந்துகிற மாதிரி வைத்தால், மூன்று திரை உயரத்துக்கு மேல் இடம் இருக்கும். எடிட்டிங்கில் இரண்டு கீஃப்ரேம் போட்டு, அதாவது தொடக்க இடத்தையும் முடிவு இடத்தையும் குறித்து, இறக்கினால் வேகம் துளியும் மாறாது. ஒரு ஷாட்டின் அடியில் தரையோ நிழலோ வந்தால், அந்த இருட்டிலேயே அடுத்த ஷாட்டை ஒட்டிவிடலாம்.

கேள்வி: போன் திரையைக் கேமராவில் எடுத்தால் கறுப்புப் பட்டைகள் ஓடுகின்றன. என்ன செய்வது?

பதில்: பல திரைகள் வெளிச்சத்தைக் குறைக்கும்போது உண்மையில் மங்குவதில்லை, கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. கேமரா அதைப் பிடித்துவிடுகிறது. திரையின் வெளிச்சத்தை முழுக்க ஏற்றுங்கள், அறையின் லைட்டை அதற்கேற்ப மாற்றுங்கள். திரை 60 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 60 முறை புதுப்பித்துக்கொண்டு, ஓடினால் கேமராவின் ஷட்டர் 1/60 விநாடியில் இருக்கட்டும், ஆட்டோவில் விடாதீர்கள். 120 ஹெர்ட்ஸ் போன் என்றால் செட்டிங்கில் 60-க்கு மாற்றிவிடலாம். அலை அலையாகக் கோடு தெரிந்தால் அது வேறு வியாதி, கேமராவைக் கொஞ்சம் சாய்த்தாலே பெரும்பாலும் போய்விடும்.

பச்சைத் திரை வைத்து எடுத்துவிட்டுப் பிறகு படத்தை ஒட்டுவதை நான் பரிந்துரைப்பதில்லை. முகத்தில் விழும் வெளிச்சம் மாறாது, ஏமாற்று வேலை உடனே தெரிந்துவிடும். காட்டவேண்டியதை முன்பே ஸ்கிரீன் ரெக்கார்டிங் செய்து, போனில் ஓடவிட்டு எடுங்கள். அந்த ரெக்கார்டிங்கையே நேரடியாக டைம்லைனில் போடுவதானால் ஓர் எச்சரிக்கை: போன் அதைச் சீரான ஃப்ரேம் வேகத்தில் (விநாடிக்கு இத்தனை படம் என்ற கணக்கில்) பதிவதில்லை, போகப்போக ஒலி விலகும். ஒரு வீடியோ அழைப்புக் காட்சியில் உதடு முன்னே போக, குரல் அரை விநாடி பின்னால் வந்ததில் ஓர் இரவு முழுவதும் எனக்குப் போயிற்று. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் சீரான ஃப்ரேம் வேகத்துக்கு மாற்றிக்கொண்ட பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி: பின்னணி இசைக்குப் பணம் இல்லை. நோட்டிஃபிகேஷன் ஒலிகளை வைத்தே ஒப்பேற்றலாமா?

பதில்: வேண்டாம். பார்ப்பவர்கள் எல்லோரும் தங்கள் போனை எடுத்துப் பார்ப்பார்கள்!

கருவிகளுக்கு நாம் கேட்காத சத்தம் ஒன்று உண்டு. பழைய 2ஜி போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்தால் அழைப்பு வருவதற்கு முன்பே ‘டிட்-டிடிட்’ என்று ஒரு சத்தம் வரும், நினைவிருக்கிறதா? போன் விநாடிக்குச் சுமார் 217 முறை விட்டுவிட்டு அலை அனுப்பும், அதைத்தான் ஸ்பீக்கர் பிடித்துக் காட்டும். தொலைபேசிப் பேச்சைப் பதிவுசெய்யப் பயன்பட்ட சிறிய சுருள் ஒன்று இருக்கிறது, பிக்கப் காயில் என்பார்கள். அதை ரெக்கார்டரில் செருகி ரவுட்டர், லேப்டாப், சார்ஜர் பக்கத்தில் கொண்டுபோங்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு குரலில் முனகும், சில நேரம் தாளம்கூடப் போடும். ஜெர்மனியைச் சேர்ந்த கலைஞர் கிறிஸ்டினா கூபிஷ் 2004 முதல் இதற்கென்றே செய்த ஹெட்போன்களை மாட்டிவிட்டு மக்களைத் தெருத்தெருவாக நடக்கவைக்கிறார். என் லேப்டாப்பைப் பதிவுசெய்தபோது, மவுஸை அசைக்கும்போதெல்லாம் அதன் முனகல் மாறியது. ஒரு முழுக் காட்சிக்கு அது போதுமானதாக இருந்தது.

கேள்வி: படம் உடைந்து உருகுகிற கிளிட்ச் எஃபெக்ட் போடலாமா? எந்த ஆப் நல்லது?

பதில்: ஆப்பில் ஒரு பொத்தானை அழுத்தி வருவது அலங்காரம். காரணம் தெரிந்து உடையுங்கள். வீடியோ கோப்பில் எல்லா ஃப்ரேமும் முழுப் படம் அல்ல. சில மட்டும்தான் முழுப் படம், மற்றவை முந்தைய ஃப்ரேமிலிருந்து என்ன நகர்ந்தது என்ற குறிப்பு. காட்சி மாறும் இடத்தில் அந்த முழு ஃப்ரேமை நீக்கிவிட்டால், புதிய ஆளின் அசைவு பழைய ஆளின் முகத்தின் மேல் ஓடும். பாட்டியின் பழைய வீடியோவில் பேத்தியின் அசைவு ஓடினால் எப்படி இருக்கும் என்று யோசியுங்கள். அப்படி ஒரு காரணம் கிடைக்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: யாருக்கும் புரியாமல் இருந்தால்தான் பரிசோதனைப் படமா?

பதில்: 1962-இல் பிரெஞ்சு இயக்குநர் கிறிஸ் மார்க்கர் கிட்டத்தட்ட முழுக்க அசையாப் புகைப்படங்களாலேயே 28 நிமிடப் படம் ஒன்று எடுத்தார். ஒரே ஓர் இடத்தில் ஒரு பெண் கண் சிமிட்டுகிறாள், அந்த ஓர் அசைவுக்கு உடம்பு சிலிர்க்கும். கதை எல்லோருக்கும் புரியும்.

கேள்வி: நண்பர்களின் உண்மையான சாட்களைப் படத்தில் காட்டலாமா?

பதில்: இருவரிடமும் கேளுங்கள். ஒருவர் சம்மதித்தால் போதாது. பெயரை மறைத்துவிட்டால் சரி என்றும் நினைக்காதீர்கள், எழுதும் தோரணையே ஆளைக் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: எப்படியும் எல்லோரும் போனில்தான் பார்க்கப்போகிறார்கள். படம் சரியாக வந்திருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: நண்பர் ஒருவரிடம் போனைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள். திரையைப் பார்க்காதீர்கள், அவர் கட்டைவிரலைப் பாருங்கள். என் கடைசிப் படத்தில் 3 நிமிடம் 40-ஆவது விநாடியில் மூன்று பேருக்குப் படத்தைத் தள்ளிவிட விரல் எழும்பியது. அந்த ஷாட் 9 விநாடி, 6 ஆகக் குறைத்தேன். நான்காவது ஆளுக்கும் எழும்பியது. இப்போது அந்த ஷாட்டே படத்தில் இல்லை.