டேக்ஸ் என்று சொல்லிக் கடைசிச் சம்பளத்தை நிறுத்தலாமா?

கேள்வி: எஸ் பாஸ் என்ற இடைநிலைத் திறனாளர் வேலை அனுமதியில் வந்து, துவாஸில் ஒரு பொறியியல் நிறுவனத்தில் நான்கு ஆண்டு வேலை பார்த்தேன். மாதச் சம்பளம் 3,400 வெள்ளி. ஒரு மாத நோட்டீஸ் கொடுத்து, செப்டம்பர் 30-ஆம் தேதி விலகினேன். அக்டோபரில் வேறு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டேன். நவம்பர் பிறந்தும் செப்டம்பர் சம்பளம் வரவில்லை. முதலில் ‘டேக்ஸ் கிளியரன்ஸ்’ என்றார்கள். இப்போது டேக்ஸ், கோர்ஸ் செலவு, நோட்டீஸ் மாத லெவி (வெளிநாட்டு ஊழியருக்கான அரசாங்கக் கட்டணம்) எல்லாம் போக 400 வெள்ளிதான் வரும் என்கிறார்கள். சிங்கப்பூரை விட்டே போகாத எனக்கு எதற்கு டேக்ஸ் கிளியரன்ஸ்? தேக்காவில் ஒருவர் 500 வெள்ளி கொடுத்தால் பணத்தை வாங்கித் தருவதாகச் சொல்கிறார். கொடுக்கலாமா?
– ஜூரோங் வெஸ்ட் வாசகர்

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்காதீர்கள். 400 வெள்ளி வாங்க 500 வெள்ளி கொடுப்பதா என்ற கணக்குக்காக மட்டும் சொல்லவில்லை. அந்த மனிதரைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

உங்கள் பழைய முதலாளி மூன்று காரணம் சொல்கிறார். அதில் ஒன்று உண்மையானது. மற்ற இரண்டும் அந்த உண்மையின் நிழலில் ஒளிந்துகொண்டிருக்கின்றன. டேக்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஆட்கள் வாயை மூடிக்கொள்வார்கள் என்பது அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு நன்றாகத் தெரியும். அரசாங்க விஷயம், நமக்கு எதற்கு வம்பு என்று இருந்துவிடுவோம்.

உண்மையான பகுதி இது. சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும் அல்லாத ஒருவர் வேலையை விட்டால், அவர் நாட்டை விட்டுப் போனாலும் சரி, பக்கத்துத் தெருவில் வேறு நிறுவனத்துக்குப் போனாலும் சரி, பழைய முதலாளி உள்நாட்டு வருவாய் ஆணையத்துக்கு ஐஆர்21 என்ற படிவத்தை அனுப்ப வேண்டும். இதைத்தான் டேக்ஸ் கிளியரன்ஸ் என்கிறார்கள். நீங்கள் விலகப்போவது தெரிந்த நாளிலிருந்து உங்களுக்குச் சேர வேண்டிய பணத்தையும் நிறுத்தி வைக்க வேண்டும். அப்படிச் செய்யாமல் பணத்தைக் கொடுத்துவிட்டு, நீங்கள் வரி கட்டாமல் போய்விட்டால், அந்த வரி முதலாளியின் தலையில் விழும். அதனால்தான் நல்ல முதலாளிகளும்கூட இந்த விஷயத்தில் ஒரு வெள்ளியை விடமாட்டார்கள். அதில் தப்பில்லை.

ஆனால் அதே விதியில் இன்னும் இரண்டு வாக்கியம் இருக்கிறது. அதை யாரும் உங்களுக்கு வாசித்துக் காட்டமாட்டார்கள். படிவத்தை நீங்கள் விலகும் நாளுக்கு ஒரு மாதம் முன்பாகவே அனுப்ப வேண்டும். பணத்தை நிறுத்தி வைப்பதும், ஆணையத்துக்குப் படிவம் போய்ச் சேர்ந்ததிலிருந்து 30 நாள்வரைதான். அதற்கு முன்பே கிளியரன்ஸ் வந்துவிட்டால் அத்தோடு நிறுத்தி வைப்பதும் முடிகிறது. நீங்கள் ஒரு மாத நோட்டீஸ் முழுவதையும் கொடுத்திருக்கிறீர்கள். கடிதம் கைக்கு வந்தவுடன் படிவத்தை அனுப்பியிருந்தால், செப்டம்பர் முடியும் நேரத்தில் விவகாரமும் முடிந்திருக்கும். நவம்பர்வரை இழுக்கிறது என்றால், பெரும்பாலும் யாரோ படிவத்தை மேசையில் வைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறார்கள். அவர்கள் தூங்கியதற்கு உங்கள் சம்பளம் ஏன் காத்திருக்க வேண்டும்?

ஆகவே முதல் வேலை: படிவத்தை எந்தத் தேதியில் அனுப்பினீர்கள், நகல் கொடுங்கள் என்று எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள். மின்னஞ்சலோ வாட்ஸ்அப்போ போதும். ‘அனுப்பியாச்சு’ என்ற பதிலை வைத்துக்கொண்டு எங்கும் போய்ப் பேச முடியாது. தேதி வேண்டும்.

அடுத்தது, வரி எவ்வளவு. இதில்தான் பெரிய ஏமாற்று நடக்கிறது. உங்கள் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். இந்த ஆண்டு ஒன்பது மாதச் சம்பளம் 30,600 வெள்ளி. வேலை வருமானத்துக்கு உள்ள 1,000 வெள்ளி கழிவு போனால் 29,600. முதல் 20,000 வெள்ளிக்கு வரி கிடையாது. மீதி 9,600-க்கு 2 விழுக்காடு. மொத்தம் 192 வெள்ளி. சென்ற ஆண்டும் இதே சம்பளம் என்றால் அந்த ஆண்டு வரி, தள்ளுபடி ஏதும் இல்லை என்று வைத்துக்கொண்டால், 543 வெள்ளி. அதை வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழியும் கைரோவில் மாதாமாதம் கட்டிவருகிறீர்கள் என்றால் மீதித் தவணைகளையும் இப்போதே ஒன்றாக எடுத்துக்கொள்வார்கள். எப்படிக் கூட்டினாலும் 500 வெள்ளி பக்கம்தான் நிற்கும். சென்ற ஆண்டு வரியைச் சுத்தமாகக் கட்டவே இல்லை என்றாலும் 735 வெள்ளியைத் தாண்டாது. போனஸ் எதுவும் வாங்கியிருந்தால் கொஞ்சம் கூடும்.

3,400 வெள்ளியில் 3,000 போய்விட்டது என்கிறார்களே, அதில் டேக்ஸ் எவ்வளவு என்று கேட்டீர்களா? ஆணையம் கணக்குப் போட்டு முடித்ததும் உங்கள் பெயருக்கே வரி மதிப்பீட்டு அறிவிப்பு வரும். அரசாங்க மின்னியல் அடையாளமான சிங்பாஸ் வழியாக ஆணையத்தின் வரித்தளத்தில் நுழைந்து பார்க்கலாம். முதலாளி அந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டியது ஆணையம் கட்டச் சொல்லும் தொகையை மட்டும்தான். மீதி உங்களுடையது. கம்பெனி கணக்காளர் வாயால் சொல்லும் டேக்ஸை நம்பாதீர்கள். அறிவிப்பில் உள்ள எண்ணை மட்டும் நம்புங்கள்.

என் எரிச்சலையும் இங்கே சொல்லிவிடுகிறேன். வருவாய் ஆணையத்துக்கு வர வேண்டிய 192 வெள்ளி தவறிவிடக் கூடாது என்பதற்கு இவ்வளவு பூட்டு, சாவி, காவல். அதற்காக ஒருவரின் முழு மாதச் சம்பளத்தை முடக்கலாம். அந்தச் சம்பளம் திரும்பி வந்ததா என்று பார்க்க மட்டும் யாரும் கிடையாது. வரவில்லை என்றால் நீயே கேஸ் போடு என்கிறார்கள். அதே தீவில், அதே வங்கிக் கணக்கோடு, அடுத்த நாளே வேறு வேலைக்குப் போகும் ஆளையும் விமானம் ஏறிப்போகும் ஆளையும் ஒரே மாதிரி நடத்துவது எந்த நியாயமோ. பல ஆண்டாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விலக்கைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உங்களுக்கு இது பொருந்தாது. உங்கள் பழைய நிறுவனத்தில் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் நண்பர்களுக்குச் சொல்லுங்கள். சிங்கப்பூரில் 183 நாளோ அதற்கு மேலோ வேலை செய்து, ஆண்டு வருமானம் 21,000 வெள்ளிக்குக் கீழே இருப்பவருக்கு டேக்ஸ் கிளியரன்ஸ் தேவையே இல்லை. படிவமும் இல்லை, பணத்தை நிறுத்துவதும் இல்லை. மாதம் 1,200, 1,300 வாங்கும் கட்டுமான ஊழியரிடமும் ‘டேக்ஸ் பாக்கி’ என்று கதை சொல்லிச் சம்பளத்தை அமுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் இதில் ஒரு குழப்பம் உண்டு. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் பன்னிரண்டால் பெருக்கிப் பார்த்துவிட்டு ‘எனக்கு விலக்கு’ என்று சண்டைக்குப் போகாதீர்கள். ஓவர்டைம், அலவன்ஸ் எல்லாம் சேர்த்துத்தான் வருமானம். அடிப்படை 1,000 வெள்ளி என்று காகிதத்தில் இருக்கும்; இரவு பகலாக ஓடி மாதம் 1,800 வாங்கினால் ஆண்டுக்கு 21,600. வரம்பைத் தாண்டிவிட்டது. 1,700 என்றால் 20,400; தாண்டவில்லை. மாதம் நூறு வெள்ளி வித்தியாசத்தில் விதி மாறுகிறது. எனவே பன்னிரண்டு மாத பேஸ்லிப்பையும் எடுத்து வைத்துக் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். பேஸ்லிப் தரவில்லை என்றால் அதுவே தனி விதிமீறல். 2016 ஏப்ரல் முதல் விவரமான பேஸ்லிப் கொடுப்பது கட்டாயம்.

லெவிக்கு வருவோம். இதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. எஸ் பாஸ் லெவி, இப்போது மாதம் 650 வெள்ளி, முதலாளி அரசாங்கத்துக்குக் கட்டுவது. அதை ஊழியரிடமிருந்து வசூலிப்பது சட்டப்படி குற்றம், நோட்டீஸ் மாதமானாலும் சரி, நீங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தாலும் சரி. அவர்கள் அதை எழுத்தில் சொல்லியிருந்தால் அந்தத் தகவலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கையில் இருப்பதிலேயே பலமான ஆதாரம் அதுதான்.

கோர்ஸ் செலவு அவ்வளவு சுலபமில்லை. சம்பளத்தில் எதையெல்லாம் பிடிக்கலாம் என்று வேலை நியமனச் சட்டம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. அதில் இல்லாததைப் பிடிக்க உங்கள் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். கொடுத்த சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் திரும்பப் பெறலாம். நீங்கள் ‘இத்தனை ஆண்டு வேலை செய்யாவிட்டால் கோர்ஸ் பணத்தைத் திருப்பித் தருகிறேன்’ என்று பாண்டில் கையெழுத்திட்டிருக்கிறீர்களா என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. இட்டிருந்தால் அந்தப் பக்கத்தையும், கோர்ஸ் கட்டணம் கட்டிய ரசீதையும் கேளுங்கள். பாதுகாப்பு வகுப்புக்கு அனுப்பிவிட்டு ஆயிரக்கணக்கில் செலவு என்று எழுதுவது இங்கே சாதாரணம். ரசீது கேட்டதும் தொகை சுருங்குவதும் சாதாரணம்.

இனி அந்தத் தேக்கா மனிதர். இவர் ஒருவர் அல்ல; சிராங்கூன் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமை சாயந்தரம் நின்றால் நான்கு பேரைக் காட்டுவேன். கோப்பிக்கடை மேசைதான் அலுவலகம். கையில் ஒரு பை, பைக்குள் அடுத்தவர்களின் கடவுச்சீட்டு நகல்கள். ‘மனிதவள அமைச்சில் நமக்கு ஆள் இருக்கு’ என்பார். யாரும் இல்லை. அவர் செய்யப்போவது, நீங்கள் உங்கள் கைப்பேசியில் அரைமணி நேரத்தில் செய்யக்கூடிய ஒரு விண்ணப்பம். அதைச் செய்ய உங்கள் சிங்பாஸ் கடவுச்சொல்லைக் கேட்பார். கொடுத்தால் உங்கள் பெயரில் என்னென்ன வங்கிக் கணக்கு முளைக்கும் என்று உங்களுக்கே தெரியாது. குற்றத்துக்குப் பயன்படும்படி சிங்பாஸ் விவரத்தைக் கைமாற்றுவது 2024 பிப்ரவரி முதல் கொடுத்தவருக்கும் குற்றம். ஏமாந்து நிற்பவரிடமே விசாரணை வரும். இன்னொன்று, விவகாரம் சம்பள வழக்குகளை விசாரிக்கும் நடுவர் மன்றம்வரை போனால் அங்கே வழக்கறிஞருக்கே அனுமதி கிடையாது. வழக்கறிஞரையே விடாத அறைக்குள் இவரை எப்படி விடுவார்கள்? நீங்கள்தான் பேச வேண்டும். தமிழில் பேச மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம்.

இவர்களில் சிலர் கம்பெனிப் பக்கமும் கை நனைப்பவர்கள் என்பதையும் கேள்விப்படுகிறேன். ‘ஆயிரம் வெள்ளி தரச் சொல்கிறேன், இதில் ஒரு கையெழுத்து’ என்று ஒரு வவுச்சரை நீட்டுவார்கள். அதில் ஃபைனல் செட்டில்மெண்ட், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று பொடி எழுத்தில் இருக்கும். தொகை எழுதாத வவுச்சராகவும் இருக்கலாம். காசு கணக்கில் ஏறாமல் எதிலும் கையெழுத்து வேண்டாம். ரொக்கமாகத் தருகிறேன் என்றாலும் வேண்டாம். வங்கியில் போடச் சொல்லுங்கள்.

சரி, என்ன செய்வது? நான் சொன்ன மூன்றையும், அதாவது படிவம் அனுப்பிய தேதி, மதிப்பீட்டு அறிவிப்பின்படி வரி, பிடித்தம் ஒவ்வொன்றுக்கும் காரணம், ஒரே மின்னஞ்சலில் கேட்டு ஒரு வாரம் கெடு கொடுங்கள். பதில் வராவிட்டால் சர்ச்சைகளைக் கவனிக்கும் முத்தரப்புக் கூட்டணியிடம், எல்லோரும் ‘டாடம்’ என்று சொல்வார்களே, அங்கே இணையத்தில் சம்பளக் கோரிக்கை பதிவு செய்யுங்கள். ஒப்பந்தம், பேஸ்லிப், வங்கி அறிக்கை, விலகல் கடிதம், வாட்ஸ்அப் உரையாடல் இவற்றை முன்பே படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதலில் சமரசப் பேச்சுதான் நடக்கும். பெரும்பாலான முதலாளிகள், குறிப்பாக லெவி என்று எழுதித் தந்தவர்கள், அங்கேயே இறங்கி வந்துவிடுவார்கள். வராவிட்டால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதை வைத்து நான்கு வாரத்துக்குள் நடுவர் மன்றத்துக்குப் போக வேண்டும். சமரசப் பேச்சுக்கு வேலை நாளில் தேதி கொடுப்பார்கள். புதிய வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆகாத ஆள் எப்படி லீவு கேட்பார் என்பதை யோசித்தவர் யாரும் அங்கே இருப்பதாகத் தெரியவில்லை. புதிய மேலாளரிடம் உண்மையைச் சொல்லிச் சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். அதற்காகப் போய் எம்சி (மருத்துவ விடுப்புச் சான்று) எடுக்காதீர்கள்.

வேலையை விட்டவர் கோரிக்கை வைக்க, கடைசி வேலை நாளிலிருந்து ஆறு மாதம்தான் அவகாசம். உங்களுக்கு அது மார்ச் கடைசி. ‘அடுத்த வாரம் பாரு’, ‘சீனப் புத்தாண்டு முடியட்டும்’ என்று அவர்கள் இழுப்பதற்கும் இந்தத் தேதிக்கும் சம்பந்தம் உண்டு. நவம்பருக்குள் பதிவு செய்துவிடுங்கள்.