முதல் ஃபுல் மாரத்தான்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 10 கி.மீ. தூரத்தை 70 நிமிடத்தில் ஓடுகிறேன். இப்போது ஜூலை. ஜனவரியில் சென்னை மாரத்தானில் நேரடியாக ஃபுல் (42.2 கி.மீ.) ஓடலாமா?
– வாசகர், தாம்பரம்

ஓடலாம். ஆனால் அக்டோபர் தொடக்கத்துக்குள் ஒரு ஹாஃப், அதாவது 21.1 கி.மீ., முடித்திருக்க வேண்டும். அது ஆகவில்லை என்றால் இந்த ஜனவரியில் ஹாஃப் ஓடிவிட்டு ஃபுல்லை அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

வாரம் நான்கு நாள் ஓட்டம் போதும். மூன்று நாள் 6 முதல் 10 கி.மீ., ஞாயிறு லாங் ரன், அதாவது வாரத்தின் மிக நீண்ட ஓட்டம். லாங் ரன்னை வாரத்துக்கு 2 கி.மீ.க்கு மேல் கூட்டாதீர்கள். மூன்று வாரம் ஏற்றினால் நான்காவது வாரம் மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள். மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் உரம் பெற மாதக்கணக்காகும். மூச்சு வாங்கவில்லையே என்று தூரத்தைக் கூட்டிக்கொண்டே போகிறவர்களுக்குத்தான் கணைக்கால் எலும்பிலும் குதிகால் நாணிலும் வலி வருகிறது. கணைக்கால் எலும்பில் ஒரு விரல் வைத்துக் காட்டும் அளவுக்கு ஒரே புள்ளியில் வலித்தால் ஓட்டத்தை அன்றே நிறுத்தி எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அது மயிரிழை விரிசலாக இருக்கலாம்.

பந்தயத்துக்கு மூன்று வாரம் முன்பு கடைசிப் பெரிய ஓட்டம். உங்கள் வேகத்துக்கு 30 கி.மீ. ஓடவே நான்கு மணி நேரம் ஆகும், அதோடு நிறுத்துங்கள். 42 கி.மீ.யை முன்கூட்டியே ஓடிப் பார்ப்பதில் களைப்பைத் தவிர லாபமில்லை. அதன்பிறகு ஓடும் நாட்களைக் குறைக்காமல் தூரத்தை மட்டும் வாராவாரம் குறையுங்கள்.

சென்னையில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. 24, 26, 28 என்று தூரம் ஏறும் ஞாயிறுகள் சரியாக வடகிழக்குப் பருவமழையில் வந்து மாட்டும். மழையில் ஒரு லாங் ரன் போனால் போனதுதான், அடுத்த வாரத்தில் சேர்த்து ஓடாதீர்கள். தூறலில் ஓடலாம், தண்ணீர் தேங்கிய தெருவில் வேண்டாம். மூடி இல்லாத சாக்கடைக் குழியும் மின்கசிவும் கண்ணுக்குத் தெரியாது. இரண்டு ஜோடி ஷூ வைத்துக்கொண்டு, நனைந்ததற்குள் செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள்.

கேள்வி: லாங் ரன்னில் எல்லோரும் என்னை முந்திப் போகிறார்கள். மெதுவாக ஓடிப் பழகினால் பந்தயத்திலும் மெதுவாகத்தானே ஓடுவேன்?
– வாசகி, மதுரை

முந்துகிறவர்களில் பாதிப் பேர் தவறான வேகத்தில் ஓடுகிறார்கள். லாங் ரன்னின் வேகம், உங்கள் 10 கி.மீ. வேகத்தைவிட கிலோமீட்டருக்கு ஒரு நிமிடமாவது குறைவாக இருக்க வேண்டும். பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியம் பேச முடிந்தால் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். உடல் கொழுப்பை எரிக்கப் பழகுவதும் தசையில் நுண்குழாய்கள் பெருகுவதும் இந்த வேகத்தில்தான் நடக்கும்.

பந்தய இலக்குக்கு ஒரு தோராயக் கணக்கு: 10 கி.மீ. நேரத்தை 4.6ஆல் பெருக்கினால் நன்கு பயிற்சி பெற்றவரின் ஃபுல் நேரம் வரும். முதல்முறை ஓடுகிறவர் 5ஆல் பெருக்குங்கள். 70 நிமிடக்காரருக்கு 5 மணி 50 நிமிடம். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் 18 நொடி. பதிவு செய்யும் முன்பே பந்தயத்தின் கட்-ஆஃப் நேரத்தோடு (ஓடி முடிக்க அனுமதிக்கும் அதிகபட்ச நேரம்) இதை ஒப்பிட்டுப் பாருங்கள். நான்கு நிமிடம் ஓடி ஒரு நிமிடம் நடக்கும் முறை இந்த வேகத்துக்கு மிகவும் பொருந்தும். ஆனால் அதை முதல் கிலோமீட்டரிலிருந்தே செய்ய வேண்டும். கால் ஓய்ந்த பிறகு நடக்கத் தொடங்கினால் திரும்ப ஓட வராது.

கேள்வி: 30 கி.மீ.க்கு மேல் 'வால்' (wall) அடிக்கும், அதாவது சுவரில் மோதியதுபோல் உடல் ஓய்ந்துவிடும் என்கிறார்களே, ஏன்? ஓடும்போது உறிஞ்சும் சர்க்கரை ஜெல் விலை கட்டுபடியாகவில்லை. வேறு வழி உண்டா?
– வாசகர், ஈரோடு

கணக்குப் போட்டாலே புரியும். ஒரு கிலோ எடைக்கு, ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி செலவாகிறது. 65 கிலோ உள்ளவருக்கு மொத்தம் 2,700. தசையிலும் ஈரலிலும் சேமித்த கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து ஏறக்குறைய 2,000 கலோரிதான். மீதிக்குக் கொழுப்பு கைகொடுக்கும், ஆனால் மெதுவாக. முதல் 10 கி.மீ.யில் உற்சாகத்தில் வேகமெடுத்தால் கிளைக்கோஜன் விரைவாகத் தீர்ந்துவிடும். பிறகு கால் கல்லாகிவிடும், தலை கிறுகிறுக்கும். அதனால் முதல் 10 கி.மீ.யை இலக்கு வேகத்தைவிடக் கிலோமீட்டருக்கு 10, 15 நொடி தாமதமாகவே ஓடுங்கள்.

முதல் 40 நிமிடம் கழித்து, மணிக்கு 40 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். ஒரு ஜெல்லில் பெரும்பாலும் 20 முதல் 25 கிராம் இருக்கும். அதற்குப் பதில் ஒரு நடுத்தர வாழைப்பழம், அல்லது 25 கிராம் குளுக்கோஸ் பொடி கரைத்த தண்ணீர் போதும். பேரீச்சம்பழமும் ஆகும், கொட்டையை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். கடலை மிட்டாய் வேண்டாம். கொழுப்பு அதிகம், செரிக்க நேரமாகும், ஓடும்போது மென்றால் புரையேறும். எதுவானாலும் லாங் ரன்களில் தின்று பழகியதாக இருக்கட்டும்.

ஓ.ஆர்.எஸ். பலர் நினைப்பதுபோல் எரிபொருள் அல்ல. உலக சுகாதார நிறுவன முறைப்படி லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸ்தான். அதன் பயன் உப்புக்கு. இளநீரில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. வியர்வையில் போவதோ முக்கியமாகச் சோடியம்.

கேள்வி: எவ்வளவு தண்ணீர் குடிப்பது?
– வாசகி, தூத்துக்குடி

எடை பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரம் ஓடும் முன்பும், ஓடி வியர்வையைத் துடைத்த பின்பும் குறைந்த உடையில் எடை பாருங்கள். எடை 900 கிராம் குறைந்து, இடையில் 300 மி.லி. குடித்திருந்தால் வியர்வை 1.2 லிட்டர். முழுவதையும் ஈடுகட்ட முயல வேண்டாம். தாகத்துக்கு ஏற்பக் குடித்து, ஓட்டம் முடியும்போது எடை சற்றுக் குறைந்திருப்பதே சரி.

ஆறு மணி நேரம் ஓடுகிறவர்களுக்குப் பெரிய ஆபத்து, ஒவ்வொரு தண்ணீர்ப் பந்தலிலும் நின்று குடிப்பது. அளவுக்கு மீறிய தண்ணீரால் ரத்தத்தில் சோடியம் இறங்கினால் விரல் வீங்கும், தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். வறட்சி என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவக் குழுவிடம் ஒப்படைக்க வேண்டும்.

கேள்வி: பந்தயத்தன்று என்ன சாப்பிடலாம், என்ன அணியலாம்?
– வாசகர், கடலூர்

இரண்டு மணி நேரம் முன்பு மூன்று இட்லி, சர்க்கரை தொட்டுக்கொண்டு. சாம்பார், பருப்பு, காரச் சட்னி வேண்டாம். முந்தைய இரவு வெள்ளைச் சோறு, காய்கறி குறைவாக. உடலில் உரசும் இடமெல்லாம் வாஸ்லின். ஆண்கள் மார்புக் காம்பில் டேப் ஒட்டுங்கள். ஷூ முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டதாகவும், 60, 70 கி.மீ. ஓடிப் பழகியதாகவும் இருக்கட்டும். பந்தயக் கிட்டில் வரும் புது டி-ஷர்ட்டை மறுநாள் போட்டுக்கொள்ளலாம். வலி மாத்திரை போட்டு ஓடாதீர்கள்: ஐபுபுரோஃபென் போன்றவை நீர் வற்றிய நிலையில் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

கேள்வி: முடித்த பிறகு எப்போது மறுபடி ஓடலாம்?
– வாசகர், கோவை

கோட்டைத் தாண்டியதும் உட்காராமல் பத்து நிமிடம் நடங்கள். முதல் வாரம் நடை மட்டும், இரண்டாம் வாரம் 4, 5 கி.மீ. மெல்லோட்டம்; நான்கு வாரம் வரை வேகப் பயிற்சி கிடையாது. அந்த முதல் வாரத்தில் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுங்கள். தசை சிதைந்ததால் சி.கே., ஏ.எஸ்.டி. என்ற நொதிகளின் அளவுகள் எகிறியிருக்கும், மாரத்தான் ஓடியதைச் சொல்லாவிட்டால் மருத்துவர் ஈரலிலோ இதயத்திலோ கோளாறு தேடத் தொடங்கிவிடுவார்.