20 ரூபாய் கணக்கு: ஆஸ்பத்திரிப் பதிவேடும் அரசுப் பணமும் – கேள்வி பதில்

காரைக்குடி வட்டாரத்து ஆஸ்பத்திரிகளுக்கு மென்பொருள் போட்டுக் கொடுப்பது என் வேலை. நோயாளிப் பதிவுகளைக் கணினியில் ஏற்ற அரசு தரும் உதவியைப் பற்றிப் பலரும் கேட்டிருந்தீர்கள். பெயரை விட்டுவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

தேவகோட்டை: 15 படுக்கை நர்சிங் ஹோம் வைத்திருக்கிறோம். மத்திய அரசு 4 கோடி தருகிறதாமே, அதில் கம்ப்யூட்டர் வாங்கலாமா?

முன்பணமாக ஒரு ரூபாயும் வராது அண்ணே. 4 கோடி என்பது உச்சவரம்பு. பெரிய ஆஸ்பத்திரிகளுக்கே அது எட்டாத உயரம். 2023 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த டிஜிட்டல் ஹெல்த் ஊக்கத்தொகைத் திட்டம் இது. நோயாளியின் 14 இலக்க ஆபா எண்ணோடு (அரசு தரும் சுகாதாரக் கணக்கு எண்) ஒரு மருத்துவப் பதிவை இணைத்தால் ஒரு கணக்கு. மாதந்தோறும் ஓர் அடிப்படை எண்ணிக்கை உண்டு, அதைத் தாண்டிய ஒவ்வொன்றுக்கும் 20 ரூபாய். தாண்டியது 1,000 என்றால் 20,000 ரூபாய். பதிவு ஏற்ற ஒரு பெண்ணை வேலைக்கு வைத்தால் சம்பளத்துக்குச் சரியாகப் போகும். கம்ப்யூட்டர் ஒரு தடவைச் செலவு, தட்டுகிற கைக்குத்தான் மாதாமாதம் பணம் வேண்டும். அந்த வகையில் திட்டம் சரியான இடத்தில்தான் கை வைத்திருக்கிறது.

குறுகிய காலத்துக்கு என்று அறிவித்து, பிறகு நீட்டித்து ஓட்டிவந்த திட்டம் இது. இறங்கும் முன் தேசிய சுகாதார ஆணையத்தின் தளத்தில் இப்போதைய தேதியைப் பார்த்துவிடுங்கள்.

திருப்பத்தூர்: மென்பொருள் கம்பெனிக்காரர் ‘ஏபிடிஎம் ரெடி சார்’ என்கிறார். நம்பலாமா?

‘எம்-1 மட்டுமா, எம்-2 முடித்தாயிற்றா?’ என்று கேளுங்கள். ஏபிடிஎம் என்பது ஆபா எண்ணைத் தரும் மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதாரத் திட்டம்; அதில் மென்பொருள் தாண்ட வேண்டிய படிகள்தான் இவை. எம்-1 என்றால் ஆபா எண் உருவாக்கிச் சரிபார்ப்பது. பதிவை அந்த எண்ணோடு இணைப்பது எம்-2. வேறு ஆஸ்பத்திரிப் பதிவை நோயாளி சம்மதத்தோடு வாங்கிப் பார்ப்பது எம்-3. எனக்குத் தெரிந்த ஓரிடத்தில் மூன்று மாதம் ஓபி சீட்டு முழுக்கக் கணினியில்தான் போட்டார்கள். பில் அழகாக அச்சானது, இணைந்த பதிவு ஒன்றுகூட இல்லை. டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திட்டினார், அந்த மென்பொருள் நான் கொடுத்ததே இல்லை!

இன்னொன்று: கம்பெனிக்கும் இதே திட்டத்தில் தனி ஊக்கத்தொகை உண்டு. விலை பேசும்போது அதை நினைவில் வையுங்கள். நம்ம ஊர்க்காரர்களுக்குப் பேரம் பேச நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

கண்டனூர்: ஆச்சிக்கு ஆபா எண் போடப் போனோம். ஓடிபி சிங்கப்பூரில் இருக்கிற தம்பி போனுக்குப் போகிறது.

இங்கே பாதி வீட்டில் இதே கதைதான். ஆதாரில் பேரன் நம்பரைக் கொடுத்திருப்பார்கள், அவன் அங்கே ஷிப்டில் இருப்பான். ஆதார் மையத்தில் ஆச்சியின் நம்பரை மாற்றிவிடுங்கள். வசதியுள்ள ஆஸ்பத்திரியில் கைரேகை வைத்தும் போடலாம். அதுவரை மஞ்சப்பையில் இருக்கும் ரிப்போர்ட்டுகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆபா கட்டாயமில்லை; எண் இல்லை என்று வைத்தியத்தை மறுக்க முடியாது.

கானாடுகாத்தான்: எனக்குச் சர்க்கரை என்று ஊருக்கே தெரிந்துவிடாதா?

பதிவுகள் டெல்லியில் ஒரே இடத்தில் குவிவதில்லை. எடுத்த ஆஸ்பத்திரியிலேயே இருக்கும். இன்னொரு டாக்டர் பார்க்க, உங்கள் போனுக்கு அனுமதி கேட்டு வரும். எந்தப் பதிவு, எத்தனை நாள் என்று நீங்கள் வரையறுக்கலாம், பிறகு ரத்தும் செய்யலாம். எனக்குப் பயம் வேறிடத்தில்: வரவேற்பு மேசையில் பாஸ்வேர்டை ஒட்டிவைத்திருக்கும் துண்டுச்சீட்டு. நர்சிங் ஹோம் நடத்துகிறவர்கள் முதலில் அதைக் கிழியுங்கள்.

கோட்டையூர்: மகள் அமெரிக்காவில் நர்ஸ். அங்கே அரசுதான் பணம் கொடுத்துக் காகிதப் பதிவைக் கணினிக்கு மாற்றியது என்கிறாளே?

உண்மைதான். 2009இல் ஹைடெக் சட்டம் போட்டு, மெடிகேர் என்ற முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு வழியாக ஒரு டாக்டருக்கு 44,000 டாலர் வரை கொடுத்தார்கள். வாங்கி வைத்தால் போதாது, உருப்படியாகப் பயன்படுத்திக் காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. 2015 முதல் அப்படிச் செய்யாதவர்களுக்கு மெடிகேர் தரும் தொகையில் பிடித்தம். ஆஸ்பத்திரிகள் ஏறக்குறைய எல்லாமே மாறிவிட்டன. ஆனால் ஒரு கம்பெனி மென்பொருள் இன்னொன்றோடு பேசவில்லை. டாக்டர்கள் நோயாளி முகத்தைப் பார்க்காமல் திரையைப் பார்ப்பதாகப் புகாரும் வந்தது. இங்கே இணைப்புக்கே பணம் என்று வைத்ததால் முதல் சிக்கல் குறையலாம். இரண்டாவது நம் டாக்டர்களுக்கும் வரத்தான் போகிறது.

புதுவயல்: அரசு ஆஸ்பத்திரிக்கு?

அங்கே அரசே செலவழிக்கிறது. உலக வங்கிக் கடனுதவியோடு 2005இல் தொடங்கிய தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தில்தான் கணினிப் பதிவு மாநிலமெங்கும் வந்தது. கர்ப்பிணிகளுக்குப் போடும் பிக்மி பதிவு தனி.

பள்ளத்தூர்: அப்பா காலத்து கேஸ் ஷீட் பரண் நிறைய இருக்கிறது. எல்லாவற்றையும் ஏற்ற வேண்டுமா?

வேண்டாம். பழைய பேரேட்டையெல்லாம் மறுபடி எழுதும் வேலை அது. தொடர்ந்து வருகிறவர்களின் கடைசி டிஸ்சார்ஜ் சம்மரி, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்ற குறிப்பு, இந்த இரண்டையும் ஏற்றுங்கள். போலீஸ் கேஸ் சம்பந்தப்பட்ட கட்டுகளைத் தனியே எடுத்து இரும்பு பீரோவில் வையுங்கள். பரணில் கரையான் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.