கடல் கேள்விகள்: மாவோன், மெனோர்கா

போன இதழில், என் கப்பல் வாழ்க்கையில் பார்த்த துறைமுகங்களிலேயே மனதுக்கு மிகவும் பிடித்தது மெனோர்காத் தீவின் மாவோன்தான் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருந்தேன். அதைப் பிடித்துக்கொண்டு நிறைய வாசகர்கள் எழுதிவிட்டார்கள். அதனால் இந்த முறை முழுப் பகுதியும் அந்த ஊருக்கே.

கே: மாவோன் எங்கே இருக்கிறது? இத்தாலியா, ஸ்பெயினா?

ஸ்பெயின். மத்தியதரைக் கடலில் பலியாரிக் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்தது மெனோர்கா. சுமார் 700 சதுர கிலோமீட்டர். மேற்கு முனையில் சியுதாதெய்யா, கிழக்கு முனையில் மாவோன். நடுவே ஒரே நீண்ட சாலை. ஸ்பெயினிலேயே சூரியன் முதலில் உதிப்பது இந்தக் கிழக்குக் கரையில்தான்.

வரைபடத்தை எடுத்து அளந்து பாருங்கள். வடக்கே பிரெஞ்சுக் கடற்படையின் முக்கியத் தளமான தூலோன், தெற்கே அல்ஜியர்ஸ், இரண்டுமே மாவோனிலிருந்து ஏறக்குறைய 200 கடல் மைல். பார்சலோனா அதைவிடக் கிட்டத்தில். இந்த மூன்று தூரங்களையும் மனதில் வைத்துக்கொண்டால், கீழே வரப்போகிற சண்டைகள் எல்லாம் தானாகப் புரியும்.

கே: இயற்கைத் துறைமுகம் உலகில் எத்தனையோ இருக்கிறதே, இதில் என்ன விசேஷம்?

மாவோன் துறைமுகம் ஒரு வளைகுடா அல்ல. தீவுக்குள் சுமார் 5 கிலோமீட்டர் நீளத்துக்கு நுழைந்து கிடக்கும் கடல். தென்கிழக்கைப் பார்த்த குறுகிய வாய், உள்ளே போகப் போக அகலம், பெரிய கப்பலுக்கும் போதுமான ஆழம்.

காரணம் தீவின் பாறையில் இருக்கிறது. மெனோர்காவின் வடபாதி மிகப் பழைய பாறை. கறுத்தும் சிவந்தும், மேடும் பள்ளமுமாக இருக்கும். தென்பாதி பிற்காலத்துச் சுண்ணாம்புக்கல்; வெளிர்மஞ்சள், தட்டையான மேட்டுநிலம். இந்த இரண்டும் சந்திக்கிற கோடு தீவைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அந்தக் கோட்டின் கிழக்கு முனையில் ஆறு அரித்த பள்ளத்தாக்கில், பனியுகம் முடிந்து கடல்மட்டம் உயர்ந்தபோது தண்ணீர் ஏறிவிட்டது. அதுதான் துறைமுகம்.

கப்பலின் மேல்தளத்தில் நின்றால் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். உள்ளே நுழையும்போது வலப்பக்கம் சரிவான, புதர் மண்டிய, பழுப்பான கரை. இடப்பக்கம் செங்குத்தான மஞ்சள் பாறை; அதன் தலையில் மாவோன் ஊர். கரையை ஒட்டி ஒரு வரிசை வீடுகள், கிடங்குகள். மேலே தேவாலயமும் சந்தையும் மற்ற ஊரும். கீழிருந்து மேலே போக வளைந்து வளைந்து ஏறும் படிகள். ஊரைக் கட்டிய கல்லும் அதே பாறையை அறுத்து எடுத்ததுதான். மரேஸ் என்பார்கள், ரம்பத்தால் அறுக்கக்கூடிய அளவுக்கு மென்மையான கல். பழைய சுவரில் கையை வைத்தால் மணல் ஒட்டும், உற்றுப் பார்த்தால் சிப்பித் துணுக்குகள் தெரியும்.

குளிர்காலத்தில் வடக்கிலிருந்து திராமுந்தானா என்ற காற்று அடிக்கும். தீவின் வடகரையில் காட்டு ஒலிவ மரங்கள் எல்லாம் அந்தக் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்துதான் வளர்கின்றன. வெளியே அலை மலையாக எழும்பும்போதும் துறைமுகத்துக்குள் தண்ணீர் தணிந்தே கிடக்கும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட், மாவோன், இவைதான் மத்தியதரைக் கடலின் நல்ல துறைமுகங்கள் என்று 16-ஆம் நூற்றாண்டின் ஜெனோவா நகரத் தளபதி ஆந்த்ரேயா தோரியா சொன்னதாக ஒரு பழமொழி இருக்கிறது. கோடை மூன்று மாதமும் எங்கே நின்றாலும் பத்திரம். மற்ற காலத்துக்கு மாவோன் ஒன்றுதான் என்று பொருள்.

குறை இல்லாமல் இல்லை. தென்கிழக்குக் காற்று நேரே வாயில் அடித்தால் பாய்க்கப்பல் வெளியே வர முடியாது, காற்று திரும்பும்வரை உள்ளேயே கிடக்க வேண்டியதுதான்.

கே: இவ்வளவு பாதுகாப்பான ஊரைக் கடற்கொள்ளைக்காரர்கள் சூறையாடினார்கள் என்று படித்தேனே?

துறைமுகம் பாதுகாப்பானது கப்பலுக்கு. ஊருக்கு அப்படி இல்லை. 1535-ல் ஸ்பெயின் மன்னர் ஐந்தாம் சார்லஸ் துனிஸ் நகரைப் பிடித்தார். அங்கிருந்து தப்பிய ஒட்டோமான் தளபதி பார்பரோசா, சில வாரங்களிலேயே மாவோனுக்குள் நுழைந்தார். கப்பல்களில் ஸ்பானியக் கொடி பறந்ததாகவும், வெற்றியோடு திரும்பும் தங்கள் கடற்படை என்று ஊரார் நம்பியதாகவும் சொல்கிறார்கள். மதிலுக்குள் இருந்தவர்கள் சில நாள் தாக்குப்பிடித்தார்கள். பிறகு ஊர்ப் பெரியவர்களில் சிலர், தங்கள் குடும்பங்களை விட்டுவிட வேண்டும் என்று பேரம் பேசிக் கதவைத் திறந்துவிட்டார்கள். நூற்றுக்கணக்கானவர்கள் அடிமைகளாகப் போனார்கள். பேரம் பேசியவர்கள் பின்னால் விசாரிக்கப்பட்டு மரண தண்டனை பெற்றார்கள்.

அந்தக் கால மதிலில் சான் ரோக் வாயில் மட்டும் இன்னும் நிற்கிறது. அதன் கீழே நடக்கிற ஒவ்வொரு முறையும் எனக்குக் கதவு திறந்த அந்த நாள்தான் நினைவுக்கு வரும். அந்தச் சூறைக்குப் பிறகுதான் துறைமுகத்தின் வாயில், தென்கரையில், சான் ஃபெலிப்பே கோட்டை எழுந்தது. அடுத்த இருநூற்றைம்பது ஆண்டுக் கதையும் அந்தக் கோட்டையைச் சுற்றித்தான்.

கே: ஆங்கிலேயர்கள் ஆண்ட தீவா அது? எத்தனை கை மாறியது, சுருக்கமாகச் சொல்லுங்கள்.

1708-ல் ஸ்பானிய வாரிசுரிமைப் போரின்போது ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1713 உத்ரெக்ட் உடன்படிக்கையில் உறுதியானது. 1756-ல் பிரான்ஸ். 1763-ல் மறுபடி ஆங்கிலேயர். 1782-ல் ஸ்பெயின். 1798-ல் மூன்றாம் முறை ஆங்கிலேயர். 1802-ல் ஆமியான் உடன்படிக்கைப்படி ஸ்பெயினுக்கே திரும்பியது. சுருக்கம் இவ்வளவுதான். ஆனால் இதில் இரண்டு சங்கதிகளை விரித்துச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது.

முதலாவது அட்மிரல் ஜான் பிங். 1756-ல் பிரெஞ்சுப் படை சான் ஃபெலிப்பே கோட்டையை முற்றுகையிட்டபோது அதைக் காப்பாற்ற அனுப்பப்பட்டவர். மே 20 அன்று தீவுக்கு அருகே பிரெஞ்சுக் கப்பல்களோடு மோதினார். முடிவு தெரியாத சண்டை. அவருடைய முன்வரிசைக் கப்பல்கள் மோசமாக அடிபட்டன. மற்ற தளபதிகளோடு ஆலோசித்துவிட்டு ஜிப்ரால்டருக்குத் திரும்பினார். ஜூன் கடைசியில் கோட்டை சரணடைந்தது. லண்டனில் மக்கள் கொதித்தார்கள். ராணுவ நீதிமன்றம் அவரைக் கோழை அல்ல என்றே சொன்னது. ஆனால் தன்னால் முடிந்ததை எல்லாம் செய்யவில்லை என்று தீர்ப்பளித்தது. அந்தக் குற்றத்துக்குச் சட்டத்தில் மரணம் தவிர வேறு தண்டனை இல்லை. நீதிபதிகளே கருணை காட்டும்படி கேட்டார்கள். மன்னர் இரண்டாம் ஜார்ஜ் மறுத்துவிட்டார். 1757 மார்ச் 14 அன்று போர்ட்ஸ்மவுத்தில், கப்பலின் மேல்தளத்தில், மெத்தை ஒன்றின்மேல் மண்டியிட்டு, தானே கைக்குட்டையைக் கீழே போட்டு அடையாளம் காட்டினார். சுட்டார்கள். அவசரமாகத் திரட்டிய, ஆள் போதாத கப்பல்களைக் கொடுத்து அனுப்பிய அமைச்சர்கள் தப்பித்துக்கொண்டார்கள். இது அநியாயம். கப்பலில் வேலை பார்த்தவன் என்ற முறையில் இதில் எனக்கு இரண்டு கருத்து கிடையாது.

இரண்டாவது அந்தக் கோட்டையின் முடிவு. 1781 ஆகஸ்டில் தொடங்கிய ஸ்பானிய, பிரெஞ்சு முற்றுகையில் உள்ளே இருந்தவர்களைப் பீரங்கியை விட அதிகமாகச் சாய்த்தது ஸ்கர்வி நோய். புதுக் காய்கறி, பழம் இல்லாமல் ஈறு வீங்கி, பழைய காயங்கள் மறுபடி பிளந்து, காவலுக்கு நிற்கக்கூட ஆள் இல்லாமல் 1782 பிப்ரவரியில் சரணடைந்தார்கள். இனி யாரும் இதைப் பிடித்து உட்காரக் கூடாது என்று ஸ்பெயின் கோட்டையையே தகர்த்துவிட்டது. விளைவு? 1798-ல் ஆங்கிலேயர் மறுபடி வந்தபோது துறைமுக வாயைக் காக்கக் கோட்டையே இல்லை. ஒரு வீரனைக்கூட இழக்காமல் தீவைப் பிடித்தார்கள்.

கே: ஆங்கிலேயர் ஆட்சியால் ஊருக்கு ஏதாவது நன்மை உண்டா?

ரிச்சர்ட் கேன் என்ற ஆளுநரை மெனோர்காவில் இன்றும் மரியாதையோடுதான் சொல்கிறார்கள். மாவோனையும் சியுதாதெய்யாவையும் இணைத்துச் சாலை போட்டார். அதற்கான பணத்தை மதுவின் மேல் வரி போட்டு எடுத்தார். மாவோனுக்குப் பக்கத்தில் அந்தப் பழைய சாலையின் ஒரு பகுதி அவர் பெயரிலேயே இருக்கிறது. தலைமையிடத்தைச் சியுதாதெய்யாவிலிருந்து மாவோனுக்கு மாற்றியதும் அவர் காலத்தில்தான். பிரபுக்களும் திருச்சபைப் பெரியவர்களும் மேற்கிலேயே இருந்துகொண்டார்கள். வியாபாரமும் நிர்வாகமும் கிழக்கே வந்துவிட்டன. இரண்டு ஊர்களின் முகச்சாயலும் இன்றுவரை வேறு வேறாக இருப்பதற்கு இதுவே காரணம். மாவோனின் பழைய தெருக்களில் மேலும் கீழும் இழுத்துத் திறக்கும் ஆங்கிலேயச் சன்னல்கள், கடும்பச்சை வண்ணத்தில், வீட்டுக்கு வீடு இருக்கின்றன.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 1768-ல் ஆண்ட்ரூ டர்ன்புல் என்பவர் புளோரிடாவில் தோட்டம் போட ஆள் சேர்த்தார். சுமார் 1,400 பேர் கப்பல் ஏறினார்கள். அதில் பெரும்பாலோர் மெனோர்காக்காரர்கள். கடல் பயணத்திலும், போய்ச் சேர்ந்த நியூ ஸ்மிர்னாவின் சதுப்பிலும் கொத்துக் கொத்தாக இறந்தார்கள். மிஞ்சியவர்கள் 1777-ல் செயின்ட் அகஸ்டின் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களுடைய வாரிசுகள் இன்றும் அங்கே தங்களை மெனோர்கர்கள் என்றே சொல்லிக்கொள்கிறார்கள்.

கே: துறைமுகத்துக்குள் தீவுகள் இருக்கிறதாமே? அங்கே யார் இருக்கிறார்கள்?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். மாவோனைப் பற்றி எழுதுகிறவர்கள் அட்மிரல்களோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இந்தத் துறைமுகத்தின் உண்மையான வரலாறு தண்ணீருக்கு நடுவே இருக்கிற இந்தத் துண்டு நிலங்களில்தான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

நுழைந்ததும் வலப்பக்கம் உயர்ந்த மதில் தெரியும். அது லாசரேத்தோ, தொற்றுநோய்த் தடுப்பு நிலையம். கொள்ளைநோய் பரவும் துறைமுகங்களிலிருந்து வரும் கப்பல்களை இங்கே நிறுத்திவைப்பார்கள். 1793-ல் கட்டத் தொடங்கி 1817-ல் திறந்தார்கள். நூறு ஆண்டு நடந்தது. நோய் காற்றில் பரவும் என்று அப்போது நம்பினார்கள், அதனால்தான் அத்தனை உயரமான சுவர். உள்ளேயும் சுவர்கள், நோயாளிகள், சந்தேகத்துக்கு உரியவர்கள், சரக்கு, ஒவ்வொன்றுக்கும் தனி வளாகம். நடுவில் வட்டமாக ஒரு சிறு வழிபாட்டுக் கூடம். பாதிரியார் மையத்தில் நிற்பார். சுற்றிலும் கம்பி போட்ட தனித்தனி அறைகள். ஒருவர்மேல் ஒருவர் மூச்சு படாமல் அங்கே நின்று பூசை பார்ப்பார்கள். அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தேன். ஆள் ஒருவர் நிற்கத்தான் இடம். வெளியே கண்ணுக்கு எட்டிய தூரத்தில் ஊர். அதற்குள் காலெடுத்து வைக்க எத்தனையோ நாள் காத்திருக்க வேண்டும். மாலுமியின் வாழ்க்கையை இதைவிடத் தெளிவாகக் காட்டும் கட்டடத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

சற்று உள்ளே, நீரின் நடுவே, அரசர் தீவு. 1287-ல் அரகோன் மன்னர் மூன்றாம் அல்ஃபோன்சோ முஸ்லிம் ஆட்சியிலிருந்து தீவைப் பிடிக்க வந்தபோது இங்கே தங்கியதால் அந்தப் பெயர். 1711-ல் ஆங்கிலேயக் கடற்படை இங்கே மருத்துவமனை கட்டியது. காயம்பட்டவர்களைப் படகிலேயே கொண்டுவந்து இறக்கலாம், தப்பி ஓடவும் முடியாது. இரண்டுக்குமே தீவு வசதி. 1964 வரை மருத்துவமனையாக இருந்து, பிறகு கைவிடப்பட்டுக் கூரை இடிந்து, முள் மண்டிப் போயிற்று. 2004 முதல் ஊர்க்காரர்கள், பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள், ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் படகில் போய்ப் புதர் வெட்டி, சுவர் பூசி, அதை மீட்டெடுத்திருக்கிறார்கள். சம்பளம் கிடையாது. மருத்துவ உபகரணங்கள், மருந்தகம், வார்டுகள் எல்லாம் இன்று பார்க்கலாம். ஊரை ஆண்டவர்கள் விட்டுப்போனதை ஊர் மக்கள் கையால் காப்பாற்றியது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

கே: மயோனைஸ் இந்த ஊர்ச் சரக்குதானா?

1756-ல் மாவோனைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி ரிஷெலியூவின் சமையல்காரர் இங்கே கற்றுக்கொண்டு போனார் என்பது ஊரில் எல்லோரும் சொல்லும் கதை. பிரான்சில் வேறு கதைகள் சொல்கிறார்கள். ஆதாரம் யாரிடமும் இல்லை. மாவோன் பெயரில் ஐயமே இல்லாதது பாலாடைக்கட்டிதான். பசும்பாலில் செய்து, துணியில் கட்டிப் பிழிவார்கள். துணி முடிச்சின் தடம் கட்டியின் மேலேயே விழுந்திருக்கும்.

கே: அடுத்த வருடம் ஸ்பெயின் போகிறோம். மாவோனுக்கு ஒரு நாள் போதுமா?

இரண்டு நாளாவது வையுங்கள். முடிந்தால் விமானத்தை விட்டுவிட்டுப் பார்சலோனாவிலிருந்து இரவுக் கப்பலில் போங்கள். விடியும்போது மேல்தளத்துக்கு வந்துவிட வேண்டும். துறைமுகத்துக்குள் நுழைவதே பார்க்க வேண்டிய முதல் இடம். அப்புறம் சாந்தா மரியா தேவாலயத்தில் 1810-ல் அமைத்த பெரிய ஆர்கன் இருக்கிறது, 3,000-க்கும் மேற்பட்ட குழல்கள். கோடையில் காலை நேரத்தில் வாசிப்பார்கள், கேட்டுவிடுங்கள்.

லாசரேத்தோவுக்கும் அரசர் தீவுக்கும் படகு உண்டு. எல்லா நாளும், எல்லா நேரமும் ஓடாது. ஊருக்குப் போனதும் முதலில் படகு நேரத்தை விசாரித்துக்கொண்டு, மற்றதை அதற்கு ஏற்ப வைத்துக்கொள்ளுங்கள். மீதி நேரம் இருந்தால் துறைமுகத்தின் வடகரையில் லா மோலா கோட்டைக்குப் போகலாம். நிழல் கிடையாது, தண்ணீர் எடுத்துக்கொண்டு போங்கள்.