நோய் தண்டனையா என்று கேட்ட சகோதரிக்கு

சகோதரி, கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து, மேலூரிலிருந்து வாரம் மூன்று நாள் மதுரைக்கு டயாலிசிஸுக்கு அழைத்து வருவதாக எழுதியிருந்தீர்கள். ‘ஏதோ பாவம், அதான்’ என்று சபையில் ஒருவர் சொன்னதிலிருந்து ஜெபமே வரவில்லை என்றும்.

முதலில் அந்தப் பேச்சைத் தூக்கிப் போடுங்கள். யோவான் 9-ஆம் அதிகாரத்தில் பிறவிக் குருடனைக் காட்டி சீடர்களும் இதையேதான் கேட்டார்கள். அவன் பாவமும் இல்லை, பெற்றவர்கள் பாவமும் இல்லை என்று இயேசு சொல்லிவிட்டார். எல்லாம் இழந்து நோயில் கிடந்த யோபுவைப் பார்க்க வந்த நண்பர்கள்கூட ஏழு நாள் பேசாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்லவர்கள்தான்; வாய் திறந்து ‘உன் பாவம்தான்’ என்றபோதுதான் தவறினார்கள்.

என் அண்ணனுக்கும் இதே நோய். நான்கு மணி நேரம் மெஷின் பக்கத்தில் இருப்பேன். ரத்தம் ஓடும் குழாயைத் தொட்டால் இளஞ்சூடாக இருக்கும். எனக்கும் அப்போது ஜெபம் வரவில்லை. 88-ஆம் சங்கீதத்தை மட்டும் வாசிப்பேன். அது இருளிலேயே முடிகிறது. இப்படிப்பட்ட புலம்பலுக்கும் வேதத்தில் இடம் இருக்கிறதே என்பதுதான் எனக்குத் தெம்பு.

நோக்கம் என்று ஏதோ தெரிந்தது ரொம்ப நாள் கழித்து. பக்கத்துக் கட்டில்காரருக்கு உசிலம்பட்டி அம்மா ஒருவர் ஆசையாக இளநீர் வாங்கி வந்தார். சிறுநீரகம் வெளியேற்ற முடியாமல் ரத்தத்தில் பொட்டாசியம் என்ற உப்பு ஏறிவிடும், வேண்டாம் அம்மா என்று தடுத்தேன். அப்புறம் அவர் தினமும் என்னிடம் கேட்டுத்தான் சாப்பாடு கொடுத்தார். நாம் பெற்ற ஆறுதலால் மற்றவரைத் தேற்றலாம் என்று 2 கொரிந்தியர் 1-இல் பவுல் எழுதியது அன்றைக்குத்தான் புரிந்தது. இதற்காகவே தேவன் அண்ணனுக்கு நோய் கொடுத்தார் என்று நான் நம்பவில்லை. அந்த வலியை அவர் வீணாக்கவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் வரும் கிழமையைச் சொல்லுங்கள், நானும் வந்து கூட உட்காருகிறேன்.