வீட்டிலேயே குளியல் உப்பு: வாசகர் கேள்விகளும் பதில்களும்

அழகுசாதனப் பொருள்களைத் தயாரிக்கும் ஆய்வுக்கூடங்களில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்பதால், குளியல் உப்பு பற்றிய கடிதங்கள் இந்த முறை என் மேசைக்கு வந்தன. படித்தவரையில் எல்லாருடைய சிக்கலும் ஏறக்குறைய ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. உப்பால் வந்த தொல்லை குறைவு. அதனுடன் சேர்த்த எண்ணெயாலும் பூவாலும் ஈரத்தாலும் வந்த தொல்லையே அதிகம்.

தி. நகர் வாசகி: செய்முறைகள் எல்லாமே பாத் டப்புக்கு எழுதப்பட்டிருக்கின்றன. எங்கள் வீட்டில் பக்கெட்டும் குவளையும்தான் இருக்கின்றன. எந்த உப்பை எவ்வளவு போடுவது?

ஒரு பாத் டப்பில் சுமார் 150 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதற்கு 250 முதல் 500 கிராம் வரை உப்புப் போடுவார்கள். அதே அளவை அப்படியே 20 லிட்டர் பக்கெட்டில் கொட்டியவர்கள்தான் தோல் எரிகிறது என்று எனக்கு எழுதுகிறார்கள். பக்கெட்டுக்கு 40 கிராம், அதாவது குவித்த இரண்டு மேசைக்கரண்டி போதும். ஆனால் குவளையில் மொண்டு ஊற்றும் தண்ணீர் உடம்பில் தங்குவதே இல்லை என்பதால், நம் வீடுகளில் இந்த உப்புக்குப் பொருத்தமான இடம் கால் ஊறவைக்கும் அகலமான பிளாஸ்டிக் தொட்டிதான். உடம்பு முழுவதும் அல்லாமல் கால் மட்டுமே ஊறுவதால் இங்கே உப்பு கூடுதலாக இருக்கலாம்: ஐந்து லிட்டர் வெதுவெதுப்பான நீரில் 100 கிராம் கரைத்து, கணுக்கால் மூழ்கும்படி 15 நிமிடம் வைத்திருந்து, பிறகு நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துவிடுங்கள்.

எந்த உப்பு என்பதில் அதிகம் குழம்ப வேண்டாம். மளிகைக் கடைக் கல்லுப்பும், எப்சம் உப்பும் (மெக்னீசியம் சல்பேட்) இருந்தால் போதும். ஒரு பங்குக்கு இரண்டு பங்கு என்று நான் கலப்பேன், எப்சம்தான் இரண்டு பங்கு. இளஞ்சிவப்பு இந்துப்பின் நிறம் அதிலுள்ள சிறிதளவு இரும்பால் வருவது. மற்றபடி அதுவும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான் என்பதால், குளியலுக்காக அதை அதிக விலை கொடுத்து வாங்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. எப்சம் உப்பை மட்டும் பார்த்து வாங்குங்கள். ரோஜாச் செடிக்குப் போட நர்சரிகளில் கிடைப்பது உரத்தரம். உடம்புக்கு, மருந்துக் கடையில் ‘ஐ.பி.’ (இந்திய மருந்துத் தரம்) என்று அச்சிட்ட பொட்டலத்தைக் கேட்டு வாங்க வேண்டும். நம் பெரியவர்கள் இதைப் பேதியுப்பு என்றார்கள். அந்தப் பெயரே ஓர் எச்சரிக்கை என்பதால், குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வையுங்கள்.

பெரம்பூர் வாசகர்: எப்சம் உப்பிலுள்ள மெக்னீசியம் தோல் வழியாக உடம்புக்குள் சென்று வலியைப் போக்கும் என்கிறார்களே?

அதற்கு உறுதியான சான்று இல்லை. கால் வலி தணிவது வெந்நீரின் சூட்டாலும், அந்தக் கால் மணி நேரம் நீங்கள் உட்கார்ந்து ஓய்வெடுப்பதாலும்தான் என்பதே என் கருத்து.

திருவான்மியூர் வாசகி: எவ்வளவு கவனமாகச் செய்தாலும் பத்து நாளில் பாட்டிலுக்குள் உப்பு கசிந்து கட்டியாகிவிடுகிறது. எங்கே தவறு?

உங்கள் கையில் தவறு இல்லை. கடற்கரைக்கு அருகில் குடியிருக்கிறீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தூய சோடியம் குளோரைடே காற்றிலிருந்து நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கல்லுப்பில் ஒட்டியிருக்கும் மெக்னீசியம் குளோரைடு அதற்கு வெகு முன்பாகவே கசியத் தொடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னைக் காற்று அந்த எல்லையைத் தாண்டியே நிற்கும், கோடையில்கூட விடிகாலைகளில் தாண்டும்.

ஆகவே முதல் வேலை கல்லுப்பை உலர்த்துவது. அடி கனமான வாணலியில், சிறு தீயில், பத்து நிமிடம் வறுத்தெடுங்கள். மேலே ஒரு தட்டை லேசாகச் சாய்த்து மூடிக்கொள்வது அவசியம், ஏனென்றால் படிகங்களுக்குள் சிறைப்பட்டிருக்கும் உப்புநீர் ஆவியாகி அவற்றைப் படபடவென்று வெடிக்கச் செய்யும். திருஷ்டி சுற்றி அடுப்பில் போடும் உப்பு வெடிப்பதும் இதனால்தான். வெடிக்கும் ஓசை அடங்கியதும் அடுப்பை அணைத்து, முழுவதும் ஆறிய பிறகே பாட்டிலில் நிரப்புங்கள். சூட்டோடு மூடினால் மூடியின் அடியில் வியர்த்து அந்த நீரே மறுபடி உப்பில் சொட்டும்.

எப்சம் உப்பை இப்படி வறுக்கவே கூடாது. அதன் எடையில் பாதி, படிகத்துக்குள் கட்டுண்ட நீர். ஐம்பது டிகிரியைத் தாண்டும்போதே அது தன் நீரை இழக்கத் தொடங்கி, மேலும் சூடேறினால் தன் நீரிலேயே இளகிக் குழம்பாகிவிடும். பொட்டலத்தைப் பிரித்த கையோடு, ஆறிய கல்லுப்புடன் கலந்தால் போதும். ஏ.சி. ஓடும் அறை இருந்தால் அங்கே கலப்பது நல்லது, குளிரூட்டும்போதே அது காற்றின் ஈரத்தையும் எடுத்துவிடுகிறது. கண்ணாடி பாட்டிலுக்கு ரப்பர் வளையம் உள்ள பிளாஸ்டிக் மூடி சிறந்தது. தகர மூடி ஒரே பருவமழையில் துருப்பிடித்து, அந்தப் பழுப்பு உப்பிலும் இறங்கும். பெரிய பாட்டில் ஒன்றை நாள்தோறும் திறந்து மூடுவதைவிட, நூறு நூறு கிராமாகச் சிறு பாட்டில்களில் பிரித்து வைத்தால் ஒவ்வொன்றும் ஒருமுறைதான் திறக்கப்படும். குளியலறையில் மட்டும் எதையும் வைக்காதீர்கள்.

அண்ணாநகர் வாசகி: லெமன்கிராஸ் எண்ணெய் இருபது சொட்டு விட்டுச் செய்த உப்பில் காலை வைத்ததும் கணுக்காலைச் சுற்றிச் சிவந்து வளையமாகத் தடித்துவிட்டது. எனக்கு அந்த எண்ணெய் ஒத்துக்கொள்ளவில்லையா?

ஒத்துக்கொள்ளாமலும் இருக்கலாம். ஆனால் வளையமாகத் தடித்தது என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு சொல்லில் காரணம் தெரிகிறது. நறுமண எண்ணெய் தண்ணீரில் கரையாது, உப்பும் அதைக் கரைக்காது. உப்போடு கலந்து வைத்தால் கலந்துவிட்டது போலத் தோன்றும். உப்புக் கரைந்த மறுகணம் எண்ணெய் தனியே பிரிந்து மேலே வரும். ஒரு எவர்சில்வர் தட்டில் வெந்நீர் ஊற்றி உங்கள் உப்பில் ஒரு சிட்டிகை போட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ரசத்தின் மேல் நெய் மிதப்பதைப் போலச் சின்னச் சின்ன வட்டங்கள் பளபளப்பது தெரியும். அந்த வட்டம் ஒவ்வொன்றும் கலப்படமில்லாத, வீரியம் குறையாத எண்ணெய். நீர்மட்டம் உங்கள் காலைத் தொட்ட கோட்டில் அது போய் ஒட்டியிருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடிய வழி இது: அரை கிலோ உப்புக்குப் பத்துச் சொட்டுக்கு மேல் வேண்டாம். அந்தப் பத்துச் சொட்டையும் முதலில் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயில் நன்றாகக் கலந்து, பிறகு உப்பில் பிசிறிவிடுங்கள். அப்போதும் எண்ணெய் மிதக்கத்தான் செய்யும், ஆனால் மிதப்பது நீர்த்துப்போன எண்ணெயாக இருக்கும். முழுவதும் நீரில் கலந்தே ஆக வேண்டும் என்பவர்கள் பாலிசார்பேட் 20 என்னும் கலப்பானை, நறுமண எண்ணெயைப் போல் நான்கைந்து மடங்கு எடுத்து, இரண்டையும் முதலில் கலந்துகொண்டு சேர்க்கலாம். சோப்பு செய்வதற்கான மூலப்பொருள் விற்பவர்களிடம் கிடைக்கும்.

இலவங்கப்பட்டை, கிராம்பு எண்ணெய்களை ஒரு சொட்டுக்கூடச் சேர்க்காதீர்கள். ஊறும் தோலுக்கு அவற்றின் காரம் தாங்காது. பழத்தோலைப் பிழிந்தெடுத்த எலுமிச்சை எண்ணெய் தோலில் படிந்திருக்க வெயிலில் போனால் தோல் கருத்துக் கொப்பளிக்கலாம், நம் ஊர் வெயிலுக்கு அது சற்றும் பொருந்தாது. எந்த எண்ணெயானாலும், செய்த உப்பில் கொஞ்சம் கரைத்து முழங்கையின் உட்புறம் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டே காலை வையுங்கள். நீங்கள் இப்போது தடித்த இடம் முழுவதும் ஆறும்வரை எதையும் தொடாதீர்கள். கொப்பளமோ நீர்க்கசிவோ இருந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். எண்ணெய் கலந்த தண்ணீர் தரையில் சிந்தினால் டைல்ஸ் வழுக்கும். தீபாவளி எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு தரையைச் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்ப்பார்களே, அந்த அக்கறை இங்கேயும் வேண்டும், குறிப்பாகப் பெரியவர்கள் இருக்கும் வீட்டில்.

குரோம்பேட்டை வாசகர்: பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள என் அம்மாவுக்கு இரவில் பாதம் எரிகிறது. உப்பு போட்ட வெந்நீரில் காலை வைக்கச் சொல்லலாமா?

வேண்டாம். பாதம் எரிவதே நரம்பு பாதிக்கப்பட்டிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம், அப்படிப்பட்ட காலுக்குச் சூடு சரியாக உறைக்காது. என் அத்தைக்கும் நீண்டநாள் சர்க்கரை. ஒரு மார்கழி இரவில் தொட்டியில் காலை வைத்தபடி ‘சூடே இல்லையே, இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்று’ என்று கேட்டுக் கேட்டு ஊற்றிக்கொண்டார். காலை வெளியே எடுத்தபோது கட்டை விரலின் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் வெளுத்து உப்பியிருந்தது. அப்போதும் அவருக்கு வலிக்கவில்லை. அந்தப் புண் ஆற இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது. பக்கத்தில் நின்று வெந்நீர் ஊற்றியவள் நான்.

சூட்டை விட்டுவிட்டாலும், நெடுநேரம் ஊறிய பாதத்தில் விரலிடுக்குத் தோல் வெளுத்துப் பிளந்து கிருமி நுழைய வழியாகும். தினமும் சாதாரணத் தண்ணீரில் கழுவி, விரலிடுக்கை மெல்லிய துணியால் ஒற்றி எடுத்து, உள்ளங்காலைக் கண்ணால் பார்த்துக்கொள்வதுதான் அவருக்கு வேண்டியது. எரிச்சலை அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கர்ப்பிணிகள், இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்கள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் ஆகியோரும் மருத்துவரைக் கேட்காமல் உப்பு வெந்நீரில் ஊற வேண்டாம். காலில் வெட்டுக்காயமோ சேற்றுப்புண்ணோ இருப்பவர்கள் அது ஆறும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

மயிலாப்பூர் வாசகி: பேரக்குழந்தைக்குச் சளி. குளிக்கும் உப்பில் கற்பூரமும் நீலகிரித் தைலமும் சேர்க்கலாமா?

தயவுசெய்து சேர்க்காதீர்கள். இந்த இரண்டும் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் சிறிதளவே வலிப்பை உண்டாக்கிவிடும், குளிக்கும் குழந்தை தண்ணீரைக் குடிக்காமல் இருக்காது. பச்சைக் கற்பூரம், பூஜைக் கற்பூரம் எதுவாயினும் இதே பதில்தான். குழந்தை தவறி விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயலாமல், டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வில்லிவாக்கம் வாசகி: மல்லிகைப்பூ போட்டுச் செய்தேன், ஒரே வாரத்தில் வீணாகிவிட்டது. நிறத்துக்குக் குங்குமம் சேர்க்கலாமா?

ஈரப்பூ உப்பில் பட்டதும் உப்பு அதன் நீரை உறிஞ்சிவிடும். பூ பழுப்பாகிச் சுருங்க, அடியில் நீர் கோத்துப் புளித்த வாடை வரும். நாட்டு மருந்துக் கடையில் உலர்ந்த ரோஜா இதழும் வெட்டிவேரும் கிடைக்கின்றன. அவற்றைக்கூட உப்போடு கலக்காமல், சின்ன மல் துணியில் முடிந்து தண்ணீரில் போட்டால் சாக்கடையும் அடைக்காது. குங்குமமும் கோலப்பொடியும் வேண்டாம், அவற்றில் என்ன சாயம் இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. மஞ்சள்தூள் தொட்டியிலும் நகத்திலும் கறையாகும். நிறமில்லாத உப்பே எனக்குப் பிடித்தது.

அடையாறு வாசகர்: பொங்கி நுரைக்கும் உப்பு செய்ய ஆப்பசோடாவும் சிட்ரிக் அமிலமும் சேர்த்தேன். பாட்டில் உப்பிவிட்டது.

உப்பியது பிளாஸ்டிக் பாட்டில் என்பதால் தப்பித்தீர்கள். சோடாவும் அமிலமும் உலர்ந்திருக்கும்வரை சும்மா இருக்கும். துளி ஈரம் பட்டதும் கரியமில வாயுவை வெளியிடும். இறுக மூடிய கண்ணாடி பாட்டிலில் அது வெடிக்கவும் கூடும். எப்சம் உப்பு தன்னுள்ளேயே நீரை வைத்திருப்பதால் அதோடு இவற்றைச் சேர்த்து மூடி வைப்பது நம் ஊரில் சரிப்படாது, சோடா மட்டும் சேர்ந்தாலே கல்லாக இறுகிவிடும். இரண்டு பங்கு சோடா, ஒரு பங்கு சிட்ரிக் அமிலம் என்று தனித்தனி டப்பாவில் வைத்திருந்து, வேண்டும்போது தொட்டியில் ஒன்றன்பின் ஒன்றாகப் போடுங்கள், அதே நுரை வரும். அமிலம் கலந்த நீர் பளிங்குத் தரையில் சிந்தினால் தழும்பு விழும்.

மடிப்பாக்கம் வாசகி: எப்சம் உப்பு போட்ட தண்ணீரில் சோப்பு நுரைக்கவே இல்லை. கலப்பட உப்பா?

நல்ல உப்புதான். உங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் ஏன் கடினமாக இருக்கிறதோ, அதே காரணம்: கால்சியமும் மெக்னீசியமும் சோப்போடு சேர்ந்து நுரைக்குப் பதிலாக வெள்ளைப் படிவாகிவிடும். எப்சம் உப்பு போடுவதே மெக்னீசியத்தைச் சேர்ப்பதுதான். முதலில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டு, கடைசியில் காலை ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைத் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் ஊற்றாதீர்கள், கல்லுப்பின் சோடியம் மண்ணைக் கெடுக்கும்.

வேளச்சேரி வாசகி: எங்கள் அடுக்ககத்தில் தோழிகள் விலைக்குக் கேட்கிறார்கள். விற்கலாமா?

பரிசாகத் தருவது வேறு, விற்பது வேறு. உடம்பில் பயன்படுத்தும் அழகுசாதனப் பொருளைத் தயாரித்து விற்க, 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டமும் 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள்கள் விதிகளும் உற்பத்தி உரிமத்தைக் கேட்கின்றன. சமையலறையில் செய்வதற்கும் அது பொருந்தும். தமிழ்நாட்டில் மருந்துக் கட்டுப்பாட்டு நிர்வாகத்தை அணுக வேண்டும். பரிசாகக் கொடுத்தாலும், என்னென்ன சேர்த்தீர்கள், எந்தத் தேதியில் செய்தீர்கள், ஒரு தொட்டிக்கு எத்தனை கரண்டி என்பதை ஒரு சீட்டில் எழுதி ஒட்டுங்கள். ‘உண்ணக் கூடாது’ என்பதை மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதுங்கள், ஏனென்றால் சமையலறை அலமாரியில் கல்லுப்பு பாட்டிலுக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் அது போய் உட்காரும்.