ஏர்செல் வளர்ந்ததும் வீழ்ந்ததும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: 2000-களில் எங்கள் பக்கம் ஏர்செல் சிம்தான் அதிகம். மற்ற கம்பெனிகளுக்கு எடுக்காத இடத்தில்கூட அதற்கு சிக்னல் எடுத்தது எப்படி?
- வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: முதல் காரணம் அலைவரிசை. தொழிலதிபர் சி. சிவசங்கரன் 1999-இல் தொடங்கிய ஏர்செல்லிடம், தமிழ்நாடு வட்டத்தில் (தொலைத்தொடர்பு உரிமம் தரும் பகுதிக்கு 'வட்டம்' என்று பெயர்) 900 மெகாஹெர்ட்ஸ் இருந்தது. பின்னால் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் 1800-தான் கிடைத்தது. அதிர்வெண் இரட்டிப்பானால் அதே தூரத்தில் 6 டெசிபல் இழப்பு. அதாவது கைபேசிக்கு வந்து சேரும் திறன் கால் பங்காகிவிடும். சுவர், தோப்பு குறுக்கிட்டால் இன்னும் மோசம். ஆகவே 900-இல் ஒரே டவர் சமாளிக்கிற கிராமப் பரப்புக்கு, 1800-இல் கூடுதல் டவர்கள் வேண்டும். வாடிக்கையாளர் குறைவான ஊரில் அந்தச் செலவை யாரும் செய்ய மாட்டார்கள்.

900-க்கும் எல்லை உண்டு. ஜிஎஸ்எம் என்ற அன்றைய 2ஜி கைபேசி முறையில் டவரிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர் தாண்டிவிட்டால், திரையில் சிக்னல் தெரிந்தாலும் அழைப்பு போகாது. கைபேசியின் அலை டவரைச் சேர ஆகும் தாமதத்தை 64 படிகளில்தான் சரிசெய்ய முடியும்; ஒரு படி சுமார் 550 மீட்டர்.

அப்போது சென்னை தனி வட்டம். 2003-இல் அங்கிருந்த ஆர்பிஜி செல்லுலாரை ஏர்செல் வாங்கியது. தலைநகரும் மாவட்டங்களும் ஒரே கையில் வந்தது பெரிய பலம். 2006-இல் மலேசியாவின் மேக்சிஸ் 74 சதவீதப் பங்கை வாங்கிய பிறகு, நாடு முழுவதும் விரிந்தார்கள்.

கேள்வி: டவர்களை விற்றதால்தான் ஏர்செல் மூழ்கியது என்கிறார்களே?
- வாசகி, ஈரோடு

பதில்: டவரை விற்பது மட்டும் தவறில்லை. பல நிறுவனங்கள் ஒரே டவரைப் பகிர்ந்தால் எல்லோருக்கும் லாபம். விற்ற பணம் எங்கே போனது என்று பாருங்கள். 2010-இல் 17,500 டவர்களை, டவர் வாடகைத் தொழில் செய்யும் ஜிடிஎல் நிறுவனத்துக்கு 8,400 கோடி ரூபாய்க்கு விற்றார்கள். அதே ஆண்டு 13 வட்டங்களுக்கான 3ஜி ஏலத்துக்கே சுமார் 6,500 கோடி. கம்பியில்லா அகலக்கற்றை அலைவரிசைக்கு இன்னும் 3,400 கோடிக்கு மேல். சொத்து கைவிட்டுப் போனது, அதே டவர்களுக்கு வாடகை கட்டும் சுமை வந்து சேர்ந்தது. அந்த வாடகை, ரீசார்ஜ் வருமானம் குறைந்தாலும் குறையாது.

புதிதாகப் போன வட்டங்களில் தாமதமாக நுழைந்ததால் நஷ்டம். அதைச் சொந்த மண்ணின் வருமானம் சுமந்தது. 2016 ஏப்ரலில், 2010-இல் வாங்கிய அந்த அகலக்கற்றை அலைவரிசையான 2300 மெகாஹெர்ட்ஸை 3,500 கோடிக்கு ஏர்டெல்லுக்கு விற்க ஒப்பந்தம் போட்டார்கள். 4ஜிக்கு வழியில்லாமல் நின்றபோது, செப்டம்பரில் ஜியோ இலவசமாக வந்தது. அனில் அம்பானியின் ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸுடன் பேசிய நிறுவன இணைப்பு 2017 அக்டோபரில் முறிந்தது. 2018 பிப்ரவரி 28-இல் திவால் மனு. என் கணிப்பில், தமிழ்நாட்டையும் வடகிழக்கு மாநிலங்களையும் மட்டும் வைத்துக்கொண்டிருந்தால் இந்தக் கடன் ஏறியிருக்காது.

அந்த பிப்ரவரியில் டவர்கள் அணைந்தபோது மக்கள் பட்ட பாடு மறக்கக் கூடாதது. நம்பரை மாற்றாமல் வேறு கம்பெனிக்குப் போக, ஆங்கிலத்தில் 'போர்ட்' என்று அடித்து, இடைவெளி விட்டு, உங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்கு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். அதே சிம்மிலிருந்துதான் போக வேண்டும். சிக்னல் இல்லையென்றால், புதிய கம்பெனியிடம் கொடுக்க வேண்டிய எட்டு எழுத்துக் குறியீடு பதிலாக வராது. எனவே எந்த நிறுவனமானாலும், சேவை தள்ளாடும்போதே மாறிவிடுங்கள். போஸ்ட்பெய்டு பாக்கியை முதலில் கட்டுங்கள். பாக்கி இருந்தால் குறியீடு கிடைக்காது. அந்த நெட்வொர்க்கில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்கவும் வேண்டும்.

கேள்வி: மாற்றாமல் விட்ட பழைய ஏர்செல் எண்தான் ஆதாரிலும் வங்கியிலும் இருக்கிறது. என்ன செய்ய?
- வாசகர், தேனி

பதில்: ஆதாரில் முதலில் மாற்றுங்கள், மற்ற பல இடங்களில் அதன் ஓடிபி கேட்பார்கள். பழைய எண் இல்லாததால் ஆதார் சேவை மையத்துக்கு நேரில் போக வேண்டும். கைரேகை போதும், ஆவணம் தேவையில்லை. அடுத்து பாஸ்புக்குடன் வங்கிக் கிளை, பிறகு பி.எஃப்., கேஸ் இணைப்பு. தள்ளிப்போடாதீர்கள்: அந்த எண் இன்று வேறொருவருக்குப் போயிருக்கலாம், உங்கள் ஓடிபி அவருக்குப் போகும்.